மாப்பிள்ளை அனுப்பிய கறுப்புக் கண்ணாடி

அன்புள்ள மாப்பிள்ளை எசென்பெக் அவர்களுக்கு,

கரகோலிலிருந்து மாமா சகின்பெக் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை ரிஸ்குலும் குதிரைகளும் சுகம். என் இடது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மகள் பெர்மெத்தைக் கேட்டதாகச் சொல்லவும்.

பனிச்சறுக்குக்கென்று பிஷ்கெக்கிலிருந்து நீங்கள் அனுப்பிய, ஒரே பெரிய லென்ஸைக் கழற்றி மாற்றும் கண்ணாடி வந்து இரண்டு மாதமாகிறது. குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. வெயில் அடித்த நாளெல்லாம் அது சொர்க்கம்தான். கண் கூசாது, தண்ணீர் வழியாது, சரிவின் மேடுபள்ளமெல்லாம் வரைந்து வைத்ததுபோல் தெரியும். ஆனால் மலை நம்மைக் கேட்டுக்கொண்டா மேகம் போடுகிறது? மேகம் இறங்கிவிட்டால் வானமும் பனியும் ஒரே வெள்ளை, நிழலே விழாது. அப்போது கறுப்பு லென்ஸ் போட்டால், போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு நடப்பதுபோலத்தான்.

அப்படி மேகம் இறங்கிய இந்தத் திங்கட்கிழமை மீட்புக் குழுவில் எனக்குத் தேர்வு. தேறினால் குழுவில் நீடிப்பேன், தவறினால் அடிவாரத்தில் டிக்கெட் கிழிக்க வேண்டும். இருபத்தாறு வருடம் அடிபட்டவர்களை மலையிலிருந்து இறக்கியவனுக்கு அந்த வேலையா? குழுத்தலைவி சாதாத், தானே அடிபட்டவளாகச் சறுக்குவண்டியில் படுத்துக்கொண்டாள். "பாத்து எறக்குங்கண்ணே, நெஜமாவே அடிபட வச்சிடாதீங்க" என்றாள். பாதி வழியில் தட்டையாகத் தெரிந்த இடம் பள்ளமாகிவிட, நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். மரத்தடியில் விரிப்புப் போட்டு ஆட்டுக்கறி தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்தின் நடுவில் சாதாத் போய் இறங்கினாள், பின்னாலேயே நானும். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால், அந்த வீட்டம்மா ரொட்டியைப் பிய்த்து நீட்டுகிறாள்.

"விரிப்புக்கு வந்தவங்க ரொட்டியத் தொடாமப் போகக் கூடாது. மொதல்ல சாப்பிடுங்க, சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்."

இதை மறுக்க முடியுமா? சாதாத் தன் தொப்பியில் கிடந்த வெங்காயத்தை எடுத்துப் போட்டுவிட்டு மென்றாள். மெல்ல மெல்லக் கோபம் இறங்கியது. மூன்றாவது கோப்பைத் தேநீரில், "வெயில் கண்ணாடிய மாட்டிக்கிட்டு மேகத்துல வர்றதுக்கு உங்கள விட்டா ஆளில்லண்ணே. வெளிர் லென்ஸ் போட்டுக்கிட்டு வியாழக்கெழம வாங்க. அதுதான் கடைசி" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, கறுப்புக் கண்ணாடி மறைத்தது.

ஆகவே மேகமூட்டத்துக்கான வெளிர் மஞ்சள் லென்ஸ் ஒன்றை உடனே பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பவும். வியாழனன்றும் மேகமாம். பரிசு கொடுப்பவர் இரண்டு வெளிச்சத்தையும் யோசித்திருக்கலாமே என்று எழுத வந்தேன், எழுதவில்லை. உங்கள் அடுப்பு அணையாமலும் வாசலில் விருந்தினர் குறையாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
முழங்கால் வீங்கிய மாமா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அத்தை பாலாடைக் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். அதன் மூடி வெளிர் மஞ்சள் லென்ஸ்! "அதுவா? கண்ணாடிப் பெட்டிக்கு அடியில இருந்துச்சு. தொறக்காமலே உள்ள எவ்வளவு இருக்குன்னு தெரியுது. மூக்குக்கு வெட்டின எடத்துல கரண்டிகூட நிக்குது" என்கிறாள். கழுவி மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். மேகம்தான். வேலிவரை ஒவ்வொரு பள்ளமும் தெரிகிறது, மாப்பிள்ளை! வியாழக்கிழமை வரட்டும், பார்த்துக்கொள்கிறேன். மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். ஆனாலும் லென்ஸ் ஒன்று அனுப்பத்தான் வேண்டும். கிண்ணம் திறந்து கிடப்பதாக அத்தை கோபமாக இருக்கிறாள்.