வெந்நீர்தானே, ரொம்ப சிம்பிள்

எளிய வழிக்காரரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். நீங்கள் ஒரு தும்மல் போட்டால் போதும், எங்கிருந்தாலும் வந்துவிடுவார். மருத்துவராவது நோய் வந்த பிறகு வருகிறவர். இவர் நோய்க்கு முன்பே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். தலைவலி, முதுகுவலி, மூக்கடைப்பு, மேலதிகாரி மேல் கோபம் என்று எதைக் கொண்டுபோனாலும் அவரிடம் ஒரு வழி உண்டு. அந்த வழி எப்போதும் ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பமாகும்: "ரொம்ப சிம்பிள்."

நம்முடைய ஆள் தரைக்கு டைல்ஸ் விற்கும் கம்பெனியில் விற்பனை மேலாளர். ஐம்பதைத் தாண்டியும் தொந்தி கிடையாது. சுவரில் அடித்த ஆணி மாதிரி நிற்பார். அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் 'சிம்பிள் சார்' என்பார்கள். அது அவருக்கும் தெரியும். பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

விடியற்காலையில் நாக்குப் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் குடிப்பார். ஊறவைத்துத் தோலுரித்த பாதாம் தின்பார். திப்பி போக வடிகட்டிய காய்கறிச் சாறு பருகுவார். மதியம் பொடியாக நறுக்கிய பல நிறக் காய்களை டப்பாவிலிருந்து மெல்லுவார். சாயங்காலம் முளைகட்டிய பயறு கொறிப்பார். இருட்டுவதற்குள் சாப்பிட்டுப் படுப்பார். எல்லாம் அவரே செய்வதுதான். குடிப்பது, தின்பது, மெல்லுவது, படுப்பது. மிச்சமிருந்த ஊறவைப்பது, உரிப்பது, அரைப்பது, வடிப்பது, நறுக்குவது, முளைகட்டுவது போன்ற வினைச்சொற்கள் மட்டும் அவர் மனைவியின் பொறுப்பில் இருந்தன.

கணக்குப் பிரிவுப் பெண்ணுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. விடுவாரா?

"ரொம்ப சிம்பிள்மா. காலையில கண்ணு முழிச்சதும் ரெண்டு டம்ளர் வெந்நீர்."

"யார் சார் போட்டுத் தருவாங்க?"

"அதுக்கு எதுக்குமா ஆளு? அது பாட்டுக்கு வந்துரும்."

கிண்டலாகச் சொல்லவில்லை, பாவம். கல்யாணமான நாளிலிருந்து அவர் கண்ட உண்மை அது. காலையானால் கிழக்கே சூரியன் வரும். மேஜைக்கு வெந்நீர் வரும்.

ஒருநாள் விடியலில் அவர் மனைவி சமையல் மேடையைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். மருத்துவரம்மா பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார், முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா, எப்ப எழுந்திருக்கிறீங்க?"

"விடியுறதுக்கு ரொம்ப முன்னாடியே."

"எதுக்கு?"

மனைவி கணவரைப் பார்த்தார். அவர் சுவரில் தொங்கிய இதயப் படத்தை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார்.

"பாதாம் தோலுரிக்க," என்றார் மனைவி.

மருத்துவரம்மா பேனாவை மூடினார். "மாத்திரை எழுதியிருக்கேன். ஆனா தூக்கம் இல்லேன்னா அது வேலைக்கு ஆகாது. இனி விடிஞ்சப்புறம்தான் எழுந்திருக்கணும். அடுத்த தடவையும் தரையிலதான் விழுவீங்கன்னு சொல்ல முடியாது, அடுப்பு மேலயும் விழலாம்."

"இதைத்தான் டாக்டர் நானும் தலைபாடா அடிச்சுக்கிறேன்," என்றார் நம்மவர். "தூக்கம் ரொம்ப சிம்பிள்."

மறுநாள் விளக்குப் போடாமல், செருப்புப் போடாமல், பூனைபோல எழுந்தார். மனைவி மேல் பாசம் இல்லாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. சமையலறைக்குள் போய், திக்குத் தெரியாமல் பெண் பார்க்க வந்தவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து கட்டிலருகே குனிந்தார்.

"நீ எழுந்திருக்காதே. சின்னப் பாத்திரம் எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு."

சொன்னார்.

"எழுந்திருக்காதேன்னேன்ல. லைட்டர்?"

அதையும் சொன்னார்.

"தூங்கு, தூங்கு. ஆமா, பாதாம் ஊறப்போடலியா?"

பிறகு ஏதோ பெரிய பாத்திரம், தன் சொந்தக்காரப் பாத்திரங்களையெல்லாம் இழுத்துக்கொண்டு கீழே விழுந்தது. மனைவி எழுந்து வந்து வெந்நீர் போட்டார். அவர் உட்கார்ந்து, மனம் நொந்து, அதைக் குடித்தார்.

"தூங்குன்னு சொன்னா கேக்கிறியா நீ?"

அன்றைக்கே அலுவலகத்தில் புதிய குறிப்பு வெளியானது. "இப்பல்லாம் வெந்நீர் நானே போட்டுக்கிறேன். வீட்டுல இருக்கறவங்களையும் தூங்க விடணும்ல? ரொம்ப சிம்பிள்." கணக்குப் பிரிவுப் பெண், கழுத்து திரும்பாததால், கண்ணை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தார்.

அடுத்த விடியலில் அவர் அறையை விட்டு வெளியே வந்ததும் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. சமையலறை வரை போய்விட்டுத் திரும்பியவர் நகத்தால் கதவைச் சுரண்டினார்.

"தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன்."

"சரி, தூங்கு. அந்த லைட்டர் மட்டும்..."

"நல்லாத் தூங்கிட்டேங்க."

கையில் வெறும் பாத்திரத்தோடு நின்றார். ஜன்னலில் வெளிச்சம் ஏறிக்கொண்டே வந்தது. சூரியன் சொன்னபடி வந்துவிட்டது. வெந்நீரைத்தான் காணோம். உள்ளே மெல்லிய குறட்டை கேட்டது. இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

சிரிக்கிறீர்கள். நல்லவேளை, நாம் அந்த ரகமில்லை, நமக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் கொஞ்சம் நடை, அதையும் நம் காலால்தான் நடக்கிறோம் என்கிறீர்கள். ரொம்பச் சரி. அந்தக் காலில் மாட்டுகிற துவைத்த காலுறை உங்கள் வீட்டில் எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது? நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கக் கூடாது.