குனியாமல் ஓட்டும் வண்டி

ஒரு மனிதன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முடிவையாவது யாரையும் கேட்காமல் எடுக்க வேண்டும். இதை என் மனைவியிடம் சொன்னேன். "தாராளமா எடுங்க" என்றாள். அந்த அனுமதி கொடுத்த தைரியத்தில் எடுத்துவிட்டேன். புது மோட்டார் சைக்கிள் வாங்குவது. அதுவும் ரேஸ் வண்டி. சிவப்பு நிறம்.

நான் பல்செட் செய்கிறவன். பல் டாக்டர் ஒருவரின் மருத்துவமனையில் பின்னறைதான் என் பட்டறை. மெழுகு, அச்சு, அரம், ஒரு சின்ன அடுப்பு. ஊரில் பாதிப் பேரின் சிரிப்பு என் கையில்தான் தயாராகிறது. என் சிரிப்பு மட்டும் வீட்டில் அனுமதி வாங்கிக்கொண்டு வெளியே வரும்.

என் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அவள் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். அவ்வளவு நீளமான பேருந்தைச் சந்தை முனையில் திருப்பும்போது, நின்றுகொண்டு வருகிறவர் கையில் இருக்கும் டீ கூடத் தளும்பாது. அவள் ஸ்டியரிங்கைத் திருப்புகிற மாதிரியே இருக்காது. தெருதான் அவளுக்காகக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். நானும் அப்படித்தான் வளைகிறேன். என்னைத் திருப்புகிற மாதிரியும் தெரியாது.

எங்களுக்குள் ஒரே சண்டை, வேகம். போன மாதம் ஒரு நாள் வேலைக்கு நேரமாகிவிட்டது. பழைய வண்டியை முறுக்கிக்கொண்டு போனேன். முன்னால் ஒரு பேருந்து ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. இடதுபக்கமாகப் புகுந்து, அதன் மூக்குக்கு முன்னால் வெட்டி வெளியே வந்தேன். பின்னால் பிரேக் கிறீச்சிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வீரர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்று சாயங்காலம் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்:

"இன்னைக்கு ஒரு அறிவுகெட்டவன் இடதுபக்கமா புகுந்து என் வண்டி முன்னாடி வந்தான்."

"இப்பல்லாம் ரோட்டுல எவனுக்கும் பொறுப்பே இல்லை" என்றேன்.

"நீலச் சட்டை போட்டிருந்தான்."

நான் என் சட்டையைக் குனிந்து பார்த்தேன். இன்னும் கழற்றவில்லை.

"கண்டக்டர் இறங்கிப்போய் அடிக்கிறேன்னார். விடுங்கண்ணே, அவனுக்கு வீட்டுல இருக்குன்னு சொல்லிட்டேன்."

அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "கைக்குழந்தையோட ஒரு பொண்ணு நின்னுட்டு வந்துச்சு. நல்லவேளை, கம்பியைப் பிடிச்சிருந்துச்சு."

நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். அவள் சாப்பிட வைத்தாள். அதுவும் ஒரு தண்டனைதான்.

அதற்கு அடுத்த வாரமே என் பழைய வண்டியின் இன்ஜின் உயிரை விட்டது. நானும் கொஞ்ச நாள் பேருந்தில் போனேன், மனைவி ஓட்டாத பேருந்தாகப் பார்த்து. அப்புறம்தான் மேலே சொன்ன மாபெரும் முடிவு.

"எந்த மாதிரி வண்டி?" என்று கேட்டாள்.

"ரேஸ் வண்டி. காத்தைக் கிழிச்சுட்டுப் போகும். குனிஞ்சு ஓட்டணும்."

"வீட்டுல குனியறது பத்தலையா?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். சொந்தப் பல்தான்.

"வாங்குங்க, வேணாம்னு சொல்லலை" என்றாள். "ஆனா மெதுவா போனா சந்தோஷமா இருக்கிற வண்டியா பார்த்து வாங்குங்க."

"எந்த வண்டியும் மெதுவா போகும். பிரேக்கு எதுக்கு இருக்கு?"

"மெதுவா போறது வேற. மெதுவா போகப் பிடிக்கிறது வேற. உங்க பழைய வண்டி மெதுவா போனா அழும். அது அழறதைத் தாங்க முடியாம நீங்க முறுக்குவீங்க. நான் பஸ் கண்ணாடியில பார்த்திருக்கேன். நீங்க வேகமா போற ஆளே இல்லைங்க. உங்களை வண்டிதான் துரத்துது."

இத்தனை வருஷம் என்னை நானே வேகக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே வாக்கியத்தில் என்னைத் துரத்தப்பட்டவன் ஆக்கிவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை கடைக்குப் போவோம்" என்றாள். "உங்க சிவப்பையும் ஓட்டிப் பாருங்க, நிமிர்ந்து உக்காந்து ஓட்டற வண்டி ஒண்ணையும் ஓட்டிப் பாருங்க. ரெண்டுலயும் நான் பின்னாடி உக்காந்து வர்றேன். எது நல்லா இருக்கோ அதை நீங்களே முடிவு பண்ணுங்க."

நீங்களே! அந்த ஒரு வார்த்தையில் எனக்குச் சிறகு முளைத்தது. கூடவே ஒரு திட்டமும் முளைத்தது.

மறுநாள் மதியம் வண்டிக் கடைக்குத் தனியாகப் போனேன். அங்கே விற்பனையாளர் எனக்கு வேண்டியவர். அவர் மேல்வரிசையில் இரண்டு பற்கள் என் கைவேலை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தால், நான் கொடுத்ததை எனக்கே திருப்பித் தருகிற மாதிரி இருக்கும்.

சிவப்பு வண்டி கண்ணாடிக்குப் பின்னால் பாயத் தயாராக நின்றது. அதற்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வண்டி. தாழ்வான சீட்டு, நிமிர்ந்து உட்காரத் தோதான அகலமான ஹேண்டில், உருண்டை விளக்கு, ஒற்றைப் பிஸ்டன் இன்ஜின். பார்த்தாலே மத்தியானத் தூக்கம் வந்தது.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரியோட வர்றேன்" என்றேன் ரகசியமாக. "அந்தக் கறுப்பு வண்டிக்கு ரெண்டு டயர்லயும் காத்தை நல்லா ஏத்தி வச்சுடுங்க. பின் ஸ்பிரிங்கையும் இறுக்கிடுங்க. குழியில இறங்கினா ஆளைத் தூக்கிப் போடணும். பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்கு அந்த வண்டியே வெறுத்துடணும்."

அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம் என் இரண்டு பற்களும் தெரியச் சிரித்தார். "சார் சொன்னா செஞ்சிட வேண்டியதுதான்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதலில் சிவப்பு. ஏறிக் குனிந்தேன். தொப்பை பெட்ரோல் டேங்கில் போய் முட்டியது. வண்டியின் அழகுக்கு என் உடம்பில் கொஞ்சம் திருத்தம் தேவைப்பட்டது. பின் சீட்டு ஒரு பிஸ்கட் அளவுதான். அதுவும் மொட்டை மாடி உயரத்தில். மனைவி ஏறி உட்கார்ந்தாள்.

தெருவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மெதுவாகத்தான் போக முடிந்தது. உடம்பின் பாரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கியது. இன்ஜின் சூடு முழங்காலைச் சுட்டது. கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து இடதுகை விரல்கள் மரத்துப்போயின. வண்டி உறுமிக்கொண்டே இருந்தது, கட்டிப்போட்ட நாய் மாதிரி.

"எப்படி இருக்கு?" என்று பல்லைக் காட்டிக் கேட்டேன்.

"உங்க முதுகு நல்லாத் தெரியுது" என்றாள். "மேல இருந்து."

"சூப்பர் வண்டி, இல்ல?"

"உங்க கை ஏன் நடுங்குது?"

"இன்ஜின் பவர்" என்றேன்.

அடுத்தது கறுப்பு. திட்டம் அற்புதமாக வேலை செய்தது. முதல் வேகத்தடையிலேயே இரண்டு பேரும் சீட்டை விட்டு எழுந்து உட்கார்ந்தோம். எனக்கு உள்ளே பாக்கி இருந்த கடைவாய்ப் பல் ஆடியது. வலியிலும் மகிழ்ந்தேன்.

"பார்த்தியா? நிமிர்ந்து உக்கார்ற வண்டின்னா இப்படித்தான். முதுகெலும்பு போயிடும்."

"ஓரமா நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினேன். இறங்கினாள். டயரை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டாள். நான் வானத்தைப் பார்த்தேன். மழை வருமா என்று யோசிக்கிற முகம் வைத்துக்கொண்டேன். அவள் கூந்தலிலிருந்து ஒரு ஊசியை எடுத்து, வால்வை அழுத்திக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். என் திட்டம் 'உஸ்' என்று வெளியேறிக்கொண்டிருந்தது. மறுபடி தட்டினாள், கேட்டாள், போதும் என்று தலையாட்டினாள். சீட்டுக்கடியில் இருந்த ஸ்பேனரை எடுத்துப் பின் ஸ்பிரிங்கையும் தளர்த்தினாள். டாக்டர் நாடி பார்ப்பதுபோல அவ்வளவு நிதானம். நான் செய்த அநியாயத்தை மறந்துவிட்டு அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரோ வேணும்னே இறுக்கி வச்சிருக்காங்க" என்றாள்.

"யாரா இருக்கும்?" என்றேன்.

"யாரோ வேலையத்தவங்க. தள்ளிப் பின்னாடி உக்காருங்க. நான் ஓட்டறேன்."

"உனக்கு பைக் ஓட்டத் தெரியுமா?"

"பஸ்ஸே ஓட்டறேன்."

"அது நாலு சக்கரம்."

"ஆறு" என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடி எங்கண்ணன் வண்டியை நான்தான் ஓட்டுவேன். லைசென்ஸும் இருக்கு. நீங்க கேக்கவே இல்லை."

நான் பின்னால் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. கிளம்பியதே தெரியவில்லை. 'தட்... தட்... தட்...' என்று இன்ஜின் ஒவ்வொரு அடியையும் எண்ணி வைத்தது. நடக்கிறவர்களைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். மூன்றாவது கியரிலேயே இழுத்துக்கொண்டு போனது. வண்டி திமிரவில்லை, திணறவில்லை. முறுக்கு என்று கெஞ்சவில்லை. மெதுவாகப் போவதற்கென்றே பிறந்த வண்டி அது. எனக்கு அவசரமே மறந்துவிட்டது.

வருஷக்கணக்காக நான் தினமும் போய்வரும் தெரு அது. அன்றுதான் பார்த்தேன். ரொட்டிக் கடைக்கு மேலே ஒரு வீடு இருக்கிறது. அங்கே ஒரு கிழவர் ஜன்னலில் உட்கார்ந்து சவரம் செய்துகொள்கிறார். பூட்டுக் கடையின் பெயர்ப்பலகையில் பெரிய சாவி ஒன்று தொங்குகிறது. எங்கள் மருத்துவமனையின் பலகையில் யாரோ 'பல்' என்ற சொல்லில் புள்ளியை அழித்து, 'பல மருத்துவமனை' ஆக்கியிருக்கிறார்கள். அதற்குள்ளே தினமும் வேலைக்குப் போகிற எனக்கு இது தெரியாது.

"இதைப் பாரேன்" என்றேன். "அட, அதைப் பாரேன்" என்றேன். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தேன். அவள் ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள். வேகமாகப் போகும்போது வண்டியில் பேச முடியாது. கத்தத்தான் முடியும். எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதியை நாங்கள் கத்தியே ஓட்டியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆற்றுப் பாலத்தின் மேல் போகும்போது அவள் சொன்னாள்:

"பஸ்ஸுல என் தலைக்கு மேல ஒரு போர்டு இருக்கும், பார்த்திருக்கீங்களா? ஓட்டுநருடன் பேசாதீர்கள்."

"ஆமா."

"எல்லாரும் அதுக்குக் கட்டுப்படறாங்க. பின்னாடி ஊரே பேசிட்டு வரும். சிரிக்கும். சண்டை போடும். என்கிட்ட மட்டும் யாரும் பேச மாட்டாங்க. ஓட்டும்போது யாராவது என்கூட பேசிட்டு வந்தா நல்லா இருக்கும்னு ரொம்ப நாளா ஆசை."

பல்செட் சிக்கிக்கொண்டவன் மாதிரி வாயைத் திறந்து மூடினேன். இதை ஒரு நாளும் அவளிடம் கேட்டதில்லை. அவள் ஓட்டும் அழகை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அந்த இருக்கையின் தனிமை எனக்குத் தோன்றியதே இல்லை.

"இதையே வாங்கிடலாம்" என்றேன்.

"யோசிச்சு சொல்லுங்க. சிவப்பு உங்களுக்குப் பிடிச்சதாச்சே."

"வேணாம். இதுதான். நான் முடிவு பண்ணிட்டேன்."

"நீங்களே முடிவு பண்ணினா சரி" என்றாள்.

பெருமையில் என் நெஞ்சு நிமிர்ந்தது. அந்த வண்டியில் நிமிரத்தானே முடியும்.

சில நாட்களில் வண்டி வீட்டுக்கே வந்து சேர்ந்தது. விற்பனையாளரே ஓட்டிக்கொண்டு வந்தார். மனைவி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. நான் புது ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கி ஓடினேன். சாவிக்குக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"அக்கா கையிலதான் கொடுக்கணும்னு சொல்லியிருக்காங்க சார்."

"எந்த அக்கா?"

"நம்ம அக்காதான். நான் தினமும் கடைக்கு அக்கா பஸ்லதான் சார் வர்றேன்."

எனக்கு ஹெல்மெட்டுக்குள் வியர்த்தது. "அப்ப, அந்தக் காத்து விஷயம்..."

"நீங்க சொல்லிட்டுப் போன அன்னைக்கே அக்காகிட்ட கேட்டேன் சார். அவர் சொன்னபடியே செய்யுங்க, அவர் மனசு கோணக் கூடாதுன்னாங்க."

நான் பேச்சை மாற்ற வண்டியைச் சுற்றி வந்தேன். பளபளவென்று இருந்தது. கடையில் பார்த்தபோது இல்லாத ஒன்று பின்னால் இருந்தது. பின் சீட்டுக்குப் பஞ்சு வைத்த தோல் சாய்மானம். கையால் அழுத்தினேன். மெத்தென்று இருந்தது. ஏறி உட்கார்ந்து சாய்ந்து பார்த்தேன். தோள்பட்டைக்குக் கீழே, இடுப்புக்கு மேலே, எனக்கென்றே கடைந்தெடுத்த மாதிரி கச்சிதமாகப் பொருந்தியது. இவ்வளவு சுகமாக நான் எந்த வண்டியிலும் உட்கார்ந்ததில்லை.

"அருமையா இருக்கே" என்றேன். "இது எல்லா வண்டிக்கும் வருமா?"

"இல்ல சார், தனியாத் தைச்சது" என்றார் அவர். "நீங்க முதல் தடவை கடைக்கு வந்தீங்களே, அதுக்கு முந்தின வாரமே அக்கா வந்து உங்க முதுகு அளவைக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க."