கண்ணை மூடினால் ஒரு கோடு

ஜெபம் செய்தே ஒரு நோயாளியை ஆஸ்பத்திரியை விட்டு ஓட வைத்த நர்ஸ் நான். (சிரிக்காதீர்கள், எனக்கு அன்றைக்கு அழுகைதான் வந்தது.)

எழுபதுகளில் சித்தூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தேன். நர்ஸுகள் நோயாளிகளுக்கு எத்தனை தடவை ஆன்மிக ஆறுதல் தருகிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் வேலையை மேட்ரன் என்னிடம் கொடுத்தார். நானோ உபதேசியார் மகள். கண்ணை மூடிக் கை கூப்பினால்தான் நோட்டில் ஒரு கோடு, மற்றதெல்லாம் கணக்கில் சேராது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். மத்தியானம் வரை ஒரு கோடுகூட விழவில்லை.

"எல்லாரும் ஊசி போட்டுக்கினு ஓடுறோம். கோடு வேணும்னா நீயே போய் ஜெபம் பண்ணேன்டி" என்றார் வார்டு சிஸ்டர் ரத்தினம்.

போனேன். முதல் கட்டிலில் வரதாச்சாரி, திருப்பதியில் கோயில் மடப்பள்ளிக்காரர். வலது கை முறிந்து, மறுநாள் ஆபரேஷன். அது நடக்காவிட்டால் அந்தக் கையால் இனி கரண்டி பிடிக்க முடியாது. கண்ணை மூடி ஆரம்பித்தேன், ஆதாம் ஏவாளிலிருந்து. திறந்தால் கட்டில் காலி.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். திருப்பதி பஸ்ஸில் கைக்கட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் ஐயா ஓடி வந்துட்டீங்க?"

"நேத்து கோடிக் கட்டில்காரனுக்கும் இப்படித்தான் கண்ணை மூடிண்டா. ராத்திரியே போயிட்டான். என்னையும் கைவிட்டாச்சுன்னு நேரே சொல்லப்படாதா?"

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. சாகக் கிடப்பவர்கள் பக்கத்தில்தான் எங்களால் நின்று ஜெபிக்க முடிந்தது. மற்றவர்களுக்கு நேரம் ஏது? அவர் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்.

"கை நல்லா ஆவறதுக்குத்தான் ஐயா ஆபரேஷன். சத்தியமா."

இடது கையால் நெற்றியைத் தடவினார். "கை ஒடிஞ்சதுலேர்ந்து பாழ் நெத்தியா இருக்கேன். இப்படியே கத்திக்குக் கீழே எப்படிப் படுப்பேன்? பைல திருமண் பெட்டி இருக்கு. இட்டு விடறயா?"

உபதேசியார் மகள் நாமம் இடுவதை எங்கள் சபையார் யாராவது பார்த்தால் என் கதி என்ன? (பார்த்தார்கள். பின் சீட்டில் பாஸ்டரம்மா.) பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இட்டதில் நாமத்தின் ஒரு பக்கம் புருவத்துக்குப் போய்விட்டது. "டைம் அயிந்தி, அம்மா" என்று கண்டக்டர் வேறு அவசரப்படுத்தினார்.

வரதாச்சாரி பெட்டிக் கண்ணாடியில் பார்த்தார். "கோணல். பரவாயில்லை, வா" என்று இறங்கினார்.

கை பிழைத்தது. மேட்ரன், "மொத்தம் எத்தனை?" என்று கேட்டார். அந்த ஜெபத்துக்குக் கோடு போட மனசு வரவில்லை. நாமத்துக்குப் போடலாமா என்று தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. "எனக்கு எண்ண வரலீங்க" என்றேன். வேலை வேறொருத்திக்குப் போனது.

இப்போதும் சாப்பிடும் முன் நான் கண்ணை மூடினால் போதும். "நைனா, அம்மா ஆரம்பிச்சிட்டாங்க. திருப்பதி பஸ் எத்தனை மணிக்கு?" என்பாள் என் மகள், தன் அப்பாவிடம். அவர் எழுந்து செருப்பைத் தேடுவார்.