தாலி முந்தி, தாள் பிந்தி

ஒரு பெண் ஒரே வேளையில் மணமானவளாகவும் மணமாகாதவளாகவும் இருக்க முடியுமா? தர்க்க நூல்கள் முடியாது என்கின்றன. அவற்றை எழுதியவர்கள் யாரும் இத்தாலியின் பலெர்மோவில் ஒரு தமிழ்க் கல்யாணத்துக்கு வந்ததில்லை.

இதைச் சாத்தியமாக்கும் மனித இனத்துக்கு முகூர்த்தக்காரர் என்று பெயர் வைக்கிறேன். நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிப்பார், அந்த நாளுக்கு மண்டபம் பிடிப்பார், மிலானிலிருந்து ஐயரையும் லண்டனிலிருந்து மைத்துனியையும் வரவழைப்பார், கபோ சந்தையில் கத்தரிக்காய்க்கும் வாழைக்காய்க்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பார். இந்த நாட்டுச் சட்டப்படி அந்த இருவரும் மணமுடிக்கலாமா என்பதை மட்டும் ஐயர் விமானம் ஏறிய பிறகு விசாரிப்பார். நட்சத்திரம் காத்திருக்காது, அரசாங்கம் காத்திருக்கும். அவருடைய தத்துவம் இவ்வளவுதான்.

மாதிரிக்கு ஒருவர்: போர்கோ வெக்கியோவில் குடியிருக்கும் அருளம்பலம். ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய எசமானியின், வீட்டில் சமையல். இங்கே படிக்க வந்த தன் அக்கா மகள் நிலக்ஷிக்கு, இத்தாலியக் குடியுரிமை உள்ள சுஜனைப் பேசி முடித்தார். காரணம் வெளிப்படை. நிலக்ஷியின் வதிவிட அனுமதி, எல்லோரும் பெர்மெஸ்ஸோ என்பது, மார்கழியோடு முடிகிறது. அதற்குள் நகரசபையில் கல்யாணம் பதிவானால் இங்கே இருக்கலாம். இல்லையேல் யாழ்ப்பாணம்.

"இஞ்சேருங்கோ, முதல்லை கடுதாசியளை எடுங்கோவன்" என்றார் மனைவி குகனேஸ்வரி.

"கடுதாசி எங்கை ஓடப்போகுது? ஆவணியை விட்டால் நல்ல நாள் இல்லை."

"அதை நகரசபைக்காரருக்கும் ஒருக்கால் சொல்லிவிடுங்கோ."

ஆவணியில் தாலி ஏறியது. அடுத்த கிழமை அருளம்பலம் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு நகரசபைக்குப் போனார். அங்கிருந்த பெண் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், கூறைச் சேலையைப் புகழ்ந்தார், கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு நுல்லா ஓஸ்தா எங்கே என்று கேட்டார். இந்தப் பெண் மணமாகாதவள், மணமுடிக்கத் தடை இல்லை என்று ரோமில் உள்ள இலங்கைத் தூதரகம் தரும் தாள் அது.

ஆகவே ரோமுக்குப் போனார்கள். தூதரக வாசலில் மாமா குரலைத் தாழ்த்தினார்.

"தாலிக்கொடியைச் சட்டைக்குள்ளை விடு பிள்ளை. கேட்டால், கலியாணம் ஆகேல்லை எண்டு சொல்லு."

"அப்ப அண்டைக்கு நடந்தது என்ன, மாமா?"

"அது கலியாணம். இது கடுதாசி."

இதைவிடச் சுருக்கமான பதிலை நான் எந்தத் தத்துவ நூலிலும் படித்ததில்லை. இதைவிடப் பயனற்றதையும்.

தாள் வந்து, நகரசபை நாள் தர, கார்த்திகை ஆகிவிட்டது. இடையில் ஞாயிறு மாலைகளில் நிலக்ஷியும் சுஜனும் வியா மக்வேதா கடைத்தெருவில் நடந்தார்கள். எதிரே வந்தவர்களில் பாதிப் பேர் நிலக்ஷியின் வயிற்றைப் பார்த்து "எப்ப விசேஷம்?" என்றார்கள். மீதிப் பேர் "எப்ப பதிவு?" என்றார்கள்.

பதிவு நாளில் மூவர்ணப் பட்டி அணிந்த அதிகாரி சுஜனிடம் கேட்டார். ஆம் என்றான். பிறகு நிலக்ஷியிடம் திரும்பி, இவரைக் கணவராக ஏற்க விரும்புகிறீர்களா என்றார். ஆவணியில், மண்டபத்தில் மந்திரம் இருந்தது, மேளம் இருந்தது, வீடியோக்காரர் சொன்னபடி திரும்பவும் சிரிக்கவும் வேண்டியிருந்தது. இந்தக் கேள்வி மட்டும் அங்கே யாருடைய வாயிலிருந்தும் வரவில்லை.

நிலக்ஷி, இல்லை என்றாள்.

"பிள்ளைக்கு இத்தாலியன் விளங்கேல்லை" என்று எழுந்தார் அருளம்பலம். பல்கலைக்கழகத்தில் இத்தாலிய மொழியிலேயே படிப்பவள். அதிகாரி, நியாயமான மனிதர், மெதுவாக இன்னொரு முறை கேட்டார். அதே பதில்.

சுஜன் குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. அவனைப் பற்றிக் குறை தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். மார்கழியில் நிலக்ஷி விமானம் ஏறினாள். காரணத்தை அவனிடமும் சொல்லவில்லை, மாமி குகனேஸ்வரியிடமும் சொல்லவில்லை. அருளம்பலம் மட்டும் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்: நாள் பிழையாகிவிட்டதாம். வாக்கியப் பஞ்சாங்கத்தை விட்டுத் திருக்கணிதத்துக்கு மாறியிருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அப்படியெல்லாம் இல்லை, பிள்ளையிடம் கேட்டுத்தான் செய்தோம் என்கிறீர்கள். நம்புகிறேன். எப்போது கேட்டீர்கள்? அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன்பா, பின்பா?