மானும் என் பட்டாபட்டியும்

பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். உண்மையைச் சொல்லி மாட்டிக்கொள்ளத் தனித் திறமை வேண்டும். எனக்கு அது தேவைக்கு மேலேயே இருந்தது. இல்லாவிட்டால், "எங்க வீட்டுக்குப் பின்னாடி மான் வரும்" என்கிற முழு உண்மையை, கல்யாணம் நிச்சயமாகும் முன்பே பெண் வீட்டாரிடம் சொல்லியிருப்பேனா?

நான் வடசென்னை எம்.கே.பி. நகரில் பிறந்து வளர்ந்தவன். அங்கே நான் பார்த்த ஒரே காட்டு விலங்கு பெருச்சாளி. (அதுவும் வீட்டில் ஒருத்தர் மாதிரிதான். ரேஷன் கார்டில் பெயர் ஏறவில்லை, அவ்வளவே.) அத்திப்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆபரேட்டர் வேலையும் கூடவே குவார்ட்டர்ஸும் கிடைத்ததும் அம்மாவை அழைத்துக்கொண்டு குடிவந்தேன். வீட்டுக்குப் பின்னால் பாதி இடிந்த மதில். அதற்கு அப்பால் சீமைக் கருவேலங்காடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீர் மார்கழி பிறந்தும் அங்கே வடியாது. காட்டிலிருக்கும் புள்ளிமான்கள் என்ன செய்யும்? மதில் இடிந்த வழியாக மேட்டிலிருக்கும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து செம்பருத்தி, முருங்கை, வெளியே கொட்டிய காய்கறித் தோல் என்று எல்லாவற்றையும் ஒரு வாய் பார்த்துவிட்டுப் போகும்.

அந்தச் சமயத்தில்தான் ராயபுரத்திலிருந்து மேகலாவின் ஜாதகமில்லாத சம்பந்தம் வந்தது. (எங்கள் இரண்டு வீட்டிலும் ஜாதகம் பார்ப்பதில்லை. புத்தர் படத்துக்கு முன்னால் பேசி முடிப்பதுதான் வழக்கம்.) மேகலா ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். போனில் பேச ஆரம்பித்த முதல் வாரமே நான் மான் கதையை எடுத்துவிட்டேன். போட்டோவும் அனுப்பினேன். பனியில் எடுத்த போட்டோ.

"இது நாயா?" என்று பதில் வந்தது.

அவளுடைய அத்தை ஒருபடி மேலே போனார். "எண்ணூரு பக்கம் கொசுதான் கீது. மான் எங்கேர்ந்து வந்துச்சாம்? மான் வருதுன்னு ரீலு வுடறவரு, குவார்ட்டர்ஸ் கீதுன்னு சொன்னதும் இப்டித்தானோ இன்னாவோ!"

மேகலாவின் அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஃபேக்டரி மேஸ்திரி. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. முப்பது வார்த்தை பேச வேண்டிய இடத்தில் மூன்று வார்த்தை பேசுவார். அத்தை சொன்னதைக் கேட்டுவிட்டு, "நேர்ல பாத்துக்கலாம்" என்று முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. வீடு பார்க்க என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? மான் பார்க்க.

நான் துளியும் பயப்படவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஆதாரம் என் பக்கம் இருந்தது. ஆனால் அந்த வாரம் பார்த்து நன்றாக வெயிலடித்தது. காட்டில் தண்ணீர் வடிந்து புல் தலைகாட்டியது. மான்கள் எங்கள் பக்கம் எட்டியே பார்க்கவில்லை.

விடுவேனா? சனிக்கிழமை வண்ணாரப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய், காய்கறிக் கடைகளில் ஒதுக்கிய காலிஃபிளவர் தழை, முட்டைக்கோஸ் மேல்தழை, வாடிய முள்ளங்கிக் கீரை என்று ஒரு மூட்டை கட்டி ரயிலில் கொண்டுவந்தேன். கொருக்குப்பேட்டை தாண்டுவதற்குள் என் பெட்டி காலியாகிவிட்டது. அவ்வளவு வாசனை.

அம்மா மூட்டையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "படத்துல பாரு, புத்தரு பக்கத்துல மானுங்க தானா வந்து குந்திகினு கீது. அவரு இன்னா முட்டகோஸ் தழ போட்டா கூப்ட்டாரு?"

"அவருக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வரலம்மா" என்றேன்.

ஞாயிறு மதியம் வேலைகள் மளமளவென்று நடந்தன. முன்வாசலில் காய்ந்த துணிகளையெல்லாம் வாரிக்கொண்டு போய்ப் பின்பக்கக் கொடியில் போட்டேன். வருகிறவர்கள் வாசல் வழியாகத்தானே வருவார்கள்? பிறகு தழைகளைக் கொத்துக் கொத்தாகக் கட்டி அதே கொடியில் தோரணம் மாதிரித் தொங்கவிட்டேன். தரையில் போட்டால் மான் குனிந்துவிடும், முகம் தெரியாது. தலையைத் தூக்கித் தின்றால் போட்டோ நன்றாக வரும். இந்த இடத்தில் என் அறிவை நானே மெச்சிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது. முன்பக்கத் துணிகளையும் பின்பக்க விருந்தாளிகளையும் நானேதான் ஒரே கொடியில் சந்திக்க வைத்திருக்கிறேன் என்பது மட்டும் உறைக்கவில்லை.

மேகலா, அவள் அப்பா, அத்தை மூவரும் வந்தார்கள். காபி, பஜ்ஜி ஆனது. அத்தை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மேகலா சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இன்னும் காணோம்?"

சொல்லி வாய் மூடவில்லை, பின்பக்கம் சருகு மிதிபடும் சத்தம். "வாங்க, எல்லாரும் வாங்க!" என்று நானே கதவைத் திறந்து அழைத்துப்போனேன். மதிலின் இடிந்த வழியாக ஒன்றன்பின் ஒன்றாக மான்கள் ஏறி வந்துகொண்டிருந்தன. கடைசியாக, கிளைவிட்ட கொம்போடு ஒரு பெரிய ஆண்மான்.

"ஐய, நெஜமாவே மானுதான்!" என்றார் அத்தை.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பினேன். அப்போதுதான் அத்தையின் பார்வை மானிலிருந்து நழுவி, தழைத் தோரணத்துக்கு நடுவே காற்றில் ஆடிக்கொண்டிருந்த என் நீலக்கோடு போட்ட பட்டாபட்டியில் போய் நின்றதைக் கவனித்தேன். பின்னால் கைக்குட்டை அளவுக்கு ஒட்டுப்போட்ட பழைய டிராயர். அதை எடுக்கலாம் என்று ஒரே ஒரு அடி முன்னால் வைத்தேன். மான்கள் மிரண்டன. ஆண்மான் தலையை உதறியது. நைலான் கயிறு கொம்பில் சுற்றி அறுந்தது. தழை, கயிறு, பட்டாபட்டி எல்லாவற்றையும் சூடிக்கொண்டு, மற்ற மான்களெல்லாம் மதிலைப் பார்த்து ஓட, அது மட்டும் தெருவைப் பார்த்து ஓடியது.

"டேய், யாரோட டிராயர்டா அது?" என்று மாடியிலிருந்து ஒரு குரல். அம்மா, "எம் புள்ளதுதான், புடிங்கப்பா!" என்று குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி பதில் சொன்னாள். எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் போனும் கையுமாகச் சிரித்துக்கொண்டே ஓடிவந்தார்கள்.

சிரிப்பு சட்டென்று நின்றது. துணியின் ஒரு பக்கம் மானின் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. அது போன திசையில் குவார்ட்டர்ஸின் பெரிய கேட் திறந்துகிடந்தது. வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு போகிற சாலை. ஒரு வாயில்லா ஜீவனைச் சாகடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போது என் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு மட்டும் கிடந்தது. பட்டுப்புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு மேகலா குறுக்கு வழியில் ஓடிக்கொண்டிருந்தாள். மானுக்கு முன்னால் கேட்டை அடைந்து, இரண்டு கதவையும் தள்ளிச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"யாரும் ஓடாதீங்க! போன உள்ள வைங்க! அப்டியே நில்லு எல்லாரும்!"

மொத்தக் குவார்ட்டர்ஸும் அசெம்பிளியில் நிற்கிற மாதிரி நின்றது. மானும் நின்றது. மூச்சு வாங்கியது. பிறகு மெல்ல நடந்து எங்கள் தெரு வேப்பமரத்தில் கொம்பைத் தேய்த்தது. கயிறு கழன்றது. பட்டாபட்டி 'டர்' என்று கிழிந்து பாதி கீழே விழுந்தது. மீதியைக் கொம்பின் ஒரு கிளையில் கொடி மாதிரி ஏந்திக்கொண்டு, வந்த வழியே போய் மதிலைத் தாண்டி மறைந்தது.

மேகலாவின் அப்பா மட்டும் நிதானமாக நடந்துபோய், கீழே கிடந்த பாதியை இரண்டு விரலால் எடுத்து, என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"இந்தாங்க மாப்ள. பாதிதான் கீது."

அதுவரை தம்பி என்று கூப்பிட்டவர். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாத நேரத்தில் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "எங்கண்ணன் சிரிக்கிறாருடி!" என்று அத்தை மேகலாவைக் கட்டிக்கொண்டு அலறினார்.

மறுநாள் வனத்துறை ஊழியர் ஒருவர் வந்து பார்த்தார். கயிறு இல்லாததால் ஆபத்தில்லை, துணி தானாக விழுந்துவிடும் என்றார். போகும்போது, இனிமேல் தழை கட்டினால் உங்களையும் அதே கொடியில் கட்டுவேன் என்று அன்பாகச் சொன்னார். அந்தப் பாதித் துணியோ விழுவதாக இல்லை. பொங்கல் வரைக்கும் யாராவது கதவைத் தட்டி, "உன் ஜட்டி இப்போ சி பிளாக்ல மேஞ்சிகினு கீதுபா" என்று தகவல் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கல்யாணத்தில் நண்பர்கள் மண்டப வாசலில் பெரிய பேனர் வைத்தார்கள். அதில் என் படம் சின்னதாக இருந்தது. மான் படம் ஆளுயரம்.

போன மாதம் எங்கள் மகளின் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். காட்டு விலங்குகளை வரையச் சொன்ன இடத்தில், மானின் கொம்பில் நீலக்கோடு போட்டு ஏதோ தொங்கவிட்டிருக்கிறாளாம். அது என்ன என்று கேட்டால், "அதான் மிஸ், மானோட டிராயர்" என்கிறாளாம். டீச்சரிடம் எப்படியோ சமாளித்துவிட்டு வெளியே வந்ததும், மானுக்கு அதெல்லாம் கிடையாது என்று அவளுக்கு விளக்கினேன். என் மாமனார் தினமும் சொல்லும் கதையைக் கேட்டு வளர்ந்தவள், கவலையோடு கேட்டாள்:

"அப்ப மத்த மானெல்லாம் டிராயர் போடாமயா சுத்துது?"