கிழமைக் கட்டு

"தெரசா, இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன். எத்தனை தரம்தான் கேப்பீங்க?"

"மெஷினு புதன்னு சொல்லுது."

அப்துல் ஷுக்கூர் பிரின்டரிலிருந்து தாளைக் கிழித்து நீட்டினான். அட்டையில் துளை போடும் பஞ்ச் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த தெரசா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு, நாளைக்கும் ஒரு வியாழன் வரும்" என்றாள்.

ஓசூர்ப் பக்கம் மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி அது. 1977-ல் தர்மபுரி மாவட்டத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்தவர்களைவிட ஒகேனக்கல்லில் முதலையைப் பார்த்தவர்கள் அதிகம். அப்படிப்பட்ட மெஷினைக் கட்டி மேய்த்ததால், அவனுக்குக் கம்பெனியில் 'கம்ப்யூட்டர் ஷுக்கூர்' என்றே பெயர். சொந்த ஊர் இண்டூர். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆகுமா ஆகாதா என்பது இன்று மத்தியானம் தெரிந்துவிடும்.

பெண் வஹிதா. தர்மபுரியில் புளி மண்டி வைத்திருக்கும் அப்துல் ரஷீதின் மகள். ஒரு கல்யாண வீட்டில் அவள் குழந்தை ஒன்றைத் துரத்திக்கொண்டு ஓடியதை ஷுக்கூர் பார்த்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. உறவுக்கார ஜான் பீயைப் பிடித்துக் கெஞ்சிப் பேச்சை ஆரம்பித்தான்.

பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று ரஷீத் கேட்டாராம். ஜான் பீக்கு அவன் வேலை எங்கே புரிந்தது? நாளெல்லாம் ஓட்டை போடுகிற வேலை, கம்பெனியில் அவனைக் கேட்காமல் எதுவும் நடக்காது என்று அடித்துவிட்டாள்.

"ஓட்டை போட்டா எவன் சம்பளம் குடுப்பான்?" என்றாராம் ரஷீத். போட்டோவை நீட்டியதற்கு, வாங்கிப் பார்க்காமலே, "போட்டோவைப் பாத்துப் புளி வாங்கினவன் இல்லை நான். நேர்ல போயி வேலையைப் பாக்கறேன். மனசுக்குப் பிடிச்சா அங்கியே வாக்குக் குடுத்துடறேன்" என்றிருக்கிறார். மனுஷன் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். அதை மாற்ற அவரே நினைத்தாலும் முடியாது என்று மண்டித் தெருவில் பேச்சு.

ஷுக்கூர் காலையிலேயே கேட்டில் வாட்ச்மேன் பெரியண்ணனிடம் சொல்லி வைத்துவிட்டான். "தர்மபுரியில இருந்து பெரியவர் ஒருத்தர் வருவாரு. ஷுக்கூர்னு கேப்பாரு. ஒரு நிமிசம் கூடக் காக்க வைக்கக் கூடாது, தெரியுதா?"

"நீங்க சொல்லிட்டீங்க இல்லீங்க, அப்புறம் என்னங்க" என்றார் பெரியண்ணன்.

வருகிறவரை அசத்த ஒரு திட்டமும் இருந்தது. அவர் ஏதாவது ஒரு தேதியைச் சொல்ல வேண்டியது, அன்றைக்கு என்ன கிழமை என்று மெஷின் அச்சடித்துத் தரும். அந்த மெஷின்தான் இப்போது வியாழனைப் புதன் என்கிறது.

தப்பு எங்கே என்று ஷுக்கூருக்குத் தெரியும். எழுதி முடித்த சின்னச் சின்ன புரோகிராம்களை மெஷின் தனக்குப் புரிகிற பாஷையில் மாற்றி, அட்டைகளில் துளை போட்டுக் கொடுத்துவிடும். கிழமை பார்க்க ஒரு கட்டு, வர்க்கமூலம் போட ஒரு கட்டு, மோட்டாரின் குதிரைத்திறன் கணக்குக்கு ஒரு கட்டு. எல்லாக் கட்டுகளும் ஒரே மரத்தட்டில் வரிசையாக நிற்கும். அதற்கு லைப்ரரி என்று பெயர். கட்டுக்குக் கட்டு மேலே பெயர் எழுதிய ஒரு சிவப்பு அட்டை. உள்ளே இருப்பதெல்லாம் வெறும் துளை, மனுஷன் படிக்க ஒரு எழுத்து கிடையாது.

பழைய கிழமைக் கட்டில் பிழை இருந்தது. அவனே திருத்திப் புதுக் கட்டு போட்டான். போட்டவன் அதைத் தட்டின் கடைசியில் செருகிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். மெஷினுக்கு ஒரு குணம் உண்டு. கேட்ட பெயரில் எது முதலில் அகப்படுகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். அதே பெயரில் பின்னால் இன்னொன்று இருக்கிறதா என்று திரும்பிக்கூடப் பார்க்காது.

"இவ்வளவுதானே, பழசை உருவிட்டாப் போச்சு" என்று ஷுக்கூர் கைவிட்டு உருவினான். அவசரத்தில் பக்கத்துக் கட்டிலிருந்தும் ஒரு கை அட்டை கூடவே வந்துவிட்டது. அது அச்சடிக்கிற கட்டு. மெஷின் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. பிரின்டரில் ஒரு புள்ளி விழவில்லை.

"ஊமையாயிடுச்சு" என்றாள் தெரசா.

வியர்க்க விறுவிறுக்க எல்லாவற்றையும் பழையபடி செருகினான். புதுசை முன்னால் வைத்தால் அதுதானே முதலில் அகப்படும் என்று அதை எடுத்துத் தட்டின் தலைமாட்டில் வைத்தான். ஆனால் எந்தக் கட்டு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று மெஷின் பார்த்துக்கொள்ள ஓர் அட்டவணை அட்டை இருந்தது. அதை மாற்ற மறந்துவிட்டான். எல்லாக் கட்டும் ஓரிடம் தள்ளிப்போயிருக்க, அட்டவணை பழைய இடத்தையே காட்டியது.

இந்தத் தரம் அச்சு விழுந்தது. தெரசா எடுத்துப் படித்தாள். "இன்னைக்கு அஞ்சு குதிரைத்திறனாம்."

"சிரிக்காத தெரசா. அந்த ஆளு வர்ற நேரம்."

"நான் எங்க சிரிச்சேன்? அஞ்சு குதிரைல நிக்காஹ் நல்ல சகுனம்தான்."

அட்டவணையைப் புதிதாகப் போட ஒரு புரோகிராம் உண்டு. ஷுக்கூர் அதை ஓட்டினான். அட்டவணைமேல் தேதியும் கிழமையும் போட வேண்டுமாம், அதற்குக் கிழமைக் கட்டைக் கேட்டது. அந்தக் கட்டைக் கண்டுபிடிக்க அட்டவணை வேண்டும். மெஷின் ஒரு முனகல் முனகிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. ஷுக்கூர் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். புளி மண்டிக்காரர் வந்து இந்தக் கோலத்தைப் பார்த்தால் வஹிதாவை மறந்துவிட வேண்டியதுதான்.

"ஒரு டீயாவது குடிச்சாத்தான் மூளை ஓடும்" என்றான்.

தெரசா கேட்டுப் பக்கத்திலிருந்த கேன்டீனுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினாள். "டீ இல்லியாம். மாஸ்டருக்கு விருந்தாளி வந்திருக்காங்க. மாஸ்டர் வடை தட்டறாரு, வந்தவரு கண்ணு கொட்டாமப் பாத்துட்டு உக்காந்திருக்காரு."

"மாஸ்டருக்கென்ன, கவலை இல்லாத மனுசன். வடை தட்டினாப் போதும்" என்று ஷுக்கூர் பொருமினான்.

பொருமிய வேகத்தில் புத்தி வந்தது. புதுக் கட்டைத் தலைமாட்டிலிருந்து எடுத்தான். பழைய கட்டை, இந்தத் தரம் சிவப்பு அட்டைக்குச் சிவப்பு அட்டை அளந்து பார்த்து உருவினான். அது இருந்த அதே சந்தில் புதுசைச் செருகினான். எந்தக் கட்டும் இடம் தள்ளிப்போகவில்லை, அட்டவணையைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை. பழசை மறுபடி யார் கண்ணிலும் படாதபடி பீரோவுக்குப் பின்னால் போட்டான்.

மெஷின் ஓடியது. தாள் வந்தது. தெரசா எட்டிப் பார்த்து, "வியாழன்" என்றாள்.

ஷுக்கூருக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் பிறந்த தேதியைப் போட்டான், சரி. தெரசா பிறந்த தேதியைப் போட்டான், அதுவும் சரி. "ஒரே பேருல ரெண்டை உட்டு வச்சதுதான் என் தப்பு. இனி ஜென்மத்துக்கும் பண்ண மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே முகம் கழுவி, தலை வாரி, சட்டையில் அத்தர் தடவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மத்தியானம் போயிற்று. யாரும் வரவில்லை. வெயில் சாய்ந்து, ஷிப்டு முடிகிற சங்கும் ஊதிவிட்டது. வழியில் லாரி ஏதாவது கவிழ்ந்து பஸ்ஸெல்லாம் நிற்கிறதோ என்று ஷுக்கூர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, கதவைத் தள்ளிக்கொண்டு பெரியண்ணன் வந்தார். கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம்.

"எடுத்துக்குங்க. கேன்டீன் மாஸ்டர் குடுத்தனுப்பினாரு. அவருக்குக் கல்யாணம் கூடி வந்துருச்சுங்க. வந்தவரு அவரு தொழிலைக் காட்டச் சொல்லிப் பாத்தாராம். வடை நடுவுல ஓட்டை என்ன நேர்த்தியா உழுவுதுன்னு மெச்சிக்கிட்டு, அங்கியே வாக்குக் குடுத்துட்டு பஸ் ஏறிட்டாருங்க."

ஷுக்கூர் பெருந்தன்மையாக ஒரு வடையை எடுத்துக் கடித்தான். "நல்லா இருக்கட்டும். அது கெடக்கட்டும் பெரியண்ணா, என்னைப் பாக்க தர்மபுரியில இருந்து ஒருத்தர் வருவாருன்னேனே, அவரு வரவே இல்லியா?"

"அவருதாங்க பொண்ணக் குடுத்தவரு. ஷுக்கூர்னு கேட்டாரு, நீங்கதான் காக்க வைக்காதன்னீங்களே, கேட்டுல இருந்து மொதல்ல ஆப்பட்ட ஷுக்கூரு மாஸ்டருதானுங்க, அவருகிட்டயே கொண்டு போயி உட்டுட்டேன்."