போதகர் அருளானந்தனின் மௌனம்

ஹொல்ம்லியாவில் நோர்வேஜியத் தேவாலயம் ஒன்றின் மண்டபத்தை ஞாயிறு பின்னேரங்களில் வாடகைக்கு எடுத்து நடந்துவந்த தமிழ்ச் சபைக்கு அருளானந்தன் போதகர். சபைக்கு ஒரு காலாண்டு இதழும் உண்டு. எண்பது பிரதி அச்சாகும். எழுபது அலுமாரியில் கிடக்கும். 2004 ஐப்பசியில் வந்த இதழில், பாலர் பாடசாலையில் வேலைசெய்யும் ராசமலர் இப்படி எழுதியிருந்தார்: "போதகரின் பிரசங்கம் நல்லது. ஆனால் ஒன்றேமுக்கால் மணித்தியாலம். தாங்க முடியவில்லை."

போதகர் அதை மூன்று தரம் வாசித்தார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பதிலே சொல்வதில்லை என்று தீர்மானித்தார். உத்தம ஊழியன் மௌனம் காப்பான் அல்லவா?

அடுத்த ஞாயிறு இந்த மௌனத்தைச் சபைக்கு அறிவித்தார். அறிவிக்க ஐம்பது நிமிடம் எடுத்தது. மறு ஞாயிறு, மௌனத்துக்கான வேத ஆதாரங்கள். அதற்கடுத்த ஞாயிறு, மௌனம் காப்பவன் படும் வேதனைகள்.

வீட்டில் மனைவி வசந்தமலர் கேட்டார்: "கதையாமல் இருக்கிறதை ஏனப்பா இவ்வளவு சத்தமாச் சொல்லுறியள்?"

"சொல்லாட்டி நான் கதையாமல் இருக்கிறன் எண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்?"

நியாயந்தான். ஆகவே ஐவர் கொண்ட மௌனக் குழு முறைப்படி நியமிக்கப்பட்டது. செயலாளர் இரவீந்திரன். பதினொரு பக்க மௌன அறிக்கை வெளியானது. அதை விளங்கிக்கொள்ள எல்லாரும் இதழைத் தேடினார்கள். அலுமாரி காலியாகி, மறுபதிப்பும் வந்தது. மண்டபம் நிரம்பி வழிந்தது. ராசமலருக்குப் பக்கத்துக் கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது. தேத்தண்ணி மேசைக்கு அவர் வந்தால் கதை நின்றுவிடும்.

ஏழாம் கிழமை, குழு கூடியிருந்த அறைக்குள் அவரே வந்தார்.

"எழுதினதைத் திருப்பி எடுக்கிறன், பாஸ்ரர். பதினாறு வருசமாப் பழகின சனம் என்ரை முகத்தைப் பாக்குதில்லை."

இரவீந்திரன் பதறிப்போனார். "அக்கா, அவசரப்படாதேங்கோ! நத்தார் பண்டிகை வரைக்கும் மௌனத்துக்குத் திட்டம் போட்டாச்சு."

போதகர் ராசமலரைப் பார்த்தார். கம்பளிக் கையுறையைப் பிசைந்துகொண்டு நின்றார் அவர். போதகருக்கு அப்போதுதான், முதன்முறையாக, உண்மையிலேயே பேச்சு வரவில்லை.

அடுத்த ஞாயிறு எல்லார் முன்னாலும், "ராசமலர் அக்கா எழுதினது சரி. பிழை என்னிலைதான்" என்றார். பிரசங்கத்தை இருபது நிமிடத்தில் முடித்து இறங்கினார். ராசமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரசங்கம் முடிந்ததை நம்பாமல் சபை கதிரையை விட்டு எழும்பவில்லை.

அடுத்த இதழுக்குப் பதினான்கு கடிதங்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே முறைப்பாடு. முதற் கடிதம் செயலாளர் இரவீந்திரனுடையது:

"ரொம்சோஸிலிருந்து இரண்டு வண்டி மாறி வருகிறோம். போதகர் இருபது நிமிடத்தில் இறங்கிவிட்டால், பின்வரிசையில் நாங்கள் தொடங்கிய கதையை எப்போது முடிப்பது?"